கைப்பணம் போட்டு நிற்பவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்கத் தேர்தல் செலவு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "தன் சொந்தப் பணத்தில் தேர்தலில் நிற்பவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்பது பாதி உண்மை" என்று குறிப்பிட்டிருந்தேன். மீதிப் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

நன்கொடை வாங்கினால்தான் நன்றிக்கடன். நன்றிக்கடன் இருந்தால்தான் ஊழல். தன் பணத்தைத் தானே செலவழிப்பவரை எதற்காகச் சந்தேகிக்க வேண்டும்?
— மதுரை வாசகர்

தாங்கள் கேட்பதைத்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1976ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று கேட்டது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974இல், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் தேர்தல் நிதிச் சட்டத்தை இறுக்கியபோது, வேட்பாளர் தம் கையிலிருந்தும் தம் நெருங்கிய குடும்பத்தாரிடமிருந்தும் எடுத்துச் செலவிடும் பணத்துக்கும் ஒரு வரம்பு விதித்தது. பிரதிநிதிகள் சபைக்கு நிற்பவர் 25,000 டாலர், செனட்டுக்கு நிற்பவர் 35,000 டாலர், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்பவர் 50,000 டாலர் என்பது அந்த வரம்பு. நியூயார்க்கின் செனட்டராக இருந்த ஜேம்ஸ் பக்லி முதலானோர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பிறர் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், ஏனென்றால் கொடுப்பவர் பிரதிபலன் எதிர்பார்க்கக்கூடும். தன் பணத்தைத் தானே செலவிடுபவர் தன்னையே விலைக்கு வாங்கிக்கொள்ள முடியாது, அது வெளியார் பணத்தை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்கவே செய்யும், ஆகவே அதற்கு வரம்பு விதிப்பது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்று தீர்ப்பளித்தது.

இந்தப் பகுதியில் மட்டும் நீதிபதி தர்குட் மார்ஷல் உடன்படவில்லை. பெரும் செல்வர் ஒருவர் முதல் நாளே பெரும் தொகையோடு களத்தில் இறங்கும்போது, கையில் பணமில்லாதவர்கள் இது நமக்கான இடமன்று என்று ஒதுங்கிக்கொள்வார்கள் என்பது அவருடைய கவலை. பெரும்பான்மை நீதிபதிகள் லஞ்சம் யாருக்குப் போகும் என்று பார்த்தார்கள். மார்ஷல் யார் நிற்காமலேயே போய்விடுவார்கள் என்று பார்த்தார். நான் விழுங்கிவிட்ட மீதிப் பாதி இதுதான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், மார்ஷலின் பக்கம் நிற்கவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சிறு குறிப்பு: வரம்பு முழுவதுமாக மறைந்துவிடவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் அரசு தரும் பொது நிதியை ஏற்றுக்கொள்பவர், தம் சொந்தப் பணத்தை 50,000 டாலருக்கு மேல் செலவிட முடியாது. பெருஞ்செல்வர்கள் அந்த நிதியை வேண்டாமென்று சொல்லிவிடுவதால், இந்த விதி அவர்களைத் தொடுவதே இல்லை.

கோடிகளைக் கொட்டியவர்கள் உண்மையில் வென்றிருக்கிறார்களா? கணக்குச் சொல்லுங்கள்.
— ஈரோட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

தோற்றவர்களிலிருந்து தொடங்குகிறேன்; அந்தப் பட்டியல்தான் நீளம். டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ 1992இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று, 6 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைப் போட்டு, தொலைக்காட்சியில் அரைமணி நேரங்களை விலைக்கு வாங்கி, வரைபட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் கடனைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவருக்கு ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் 1994இல் மைக்கேல் ஹஃபிங்டன் செனட் இடத்துக்காக 2 கோடியே 80 லட்சம் டாலர் செலவிட்டு டயான் ஃபைன்ஸ்டைனிடம் தோற்றார். அதே மாநிலத்தில் 2010இல் ஆளுநர் பதவிக்கு நின்ற, ஈபே நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மெக் விட்மன், தம் கையிலிருந்து மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் எடுத்து வைத்தார்; அதன் ஒரு சிறு பகுதியையே செலவிட்ட ஜெர்ரி பிரவுன் அவரை எளிதாகத் தோற்கடித்தார். கனெக்டிகட்டில் லிண்டா மக்மஹன் 2010இலும் 2012இலும் செனட்டுக்கு நின்று, இரண்டு முறையும் சேர்த்து ஏறத்தாழ 10 கோடி டாலரை இழந்தார். மேரிலாந்தில் 2024ஆம் ஆண்டு, மது விற்பனை நிறுவன அதிபர் டேவிட் டிரோன் 6 கோடி டாலருக்கு மேல் இறைத்தும், பொதுத் தேர்தலை எட்டும் முன்பே, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலேயே ஏஞ்சலா ஆல்சோபுரூக்சிடம் தோற்றுப்போனார்.

வென்றவர்களும் உண்டு. நியூஜெர்சியில் 2000ஆம் ஆண்டு ஜான் கார்சைன் 6 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு செனட்டரானார். புளோரிடாவில் ரிக் ஸ்காட் 2010இல் ஆளுநராகவும் 2018இல் செனட்டராகவும் பெரும்பாலும் தம் பணத்தைக் கொண்டே வென்றார். இலினாய் மாநிலத்தில் 2018இல், பதவியில் இருந்த ஆளுநரும் கோடீசுவரர், எதிர்த்தவரும் கோடீசுவரர். ஹயாத் விடுதிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.பி. பிரிட்ஸ்கர் 17 கோடி டாலருக்கு மேல் போட்டு வென்றார். பணத்தைப் பணம் எதிர்த்த அந்த இடத்தில் வெற்றியைத் தீர்மானித்தது பணமா, ஆண்டுக்கணக்கில் நிதிநிலை அறிக்கையே இல்லாமல் கிடந்த மாநிலத்தின் எரிச்சலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் ஒருவர், நிதித் தகவல் நிறுவன அதிபர் மைக்கேல் புளூம்பெர்க். நியூயார்க் மேயர் பதவிக்கு 2001, 2005, 2009 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நின்று, மொத்தம் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, மூன்றிலும் வென்றார். மூன்றாம் முறை அவர் செலவிட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே செலவிட்ட போட்டியாளர், ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவரை நெருங்கிவிட்டார். பிறகு 2019 நவம்பரில் குடியரசுத் தலைவர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி முதற்கட்டப் போட்டியில் இறங்கியவர், மூன்றரை மாதத்துக்குள் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். தொலைக்காட்சியைத் திறந்தால் அவர் முகம்தான். ஆனால் 2020 பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகாஸ் விவாத மேடையில் சக போட்டியாளர் எலிசபெத் வாரன் எதிரே நின்று, அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய பெண்கள் கையெழுத்திட்ட வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டபோது, எந்த விளம்பரமும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. மார்ச் 3 அன்று 14 மாநிலங்களிலும், பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவிலும் முதற்கட்ட வாக்குப்பதிவு நடந்தது. அவர் வென்றது அமெரிக்க சமோவாவை மட்டும். மறுநாள் விலகினார்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, பணத்தால் ஒன்றும் நடக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல்களில் சொந்தப் பணத்தில் நின்றவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர் ஜெனிபர் ஸ்டீன் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். பிறரிடம் திரட்டிய ஒரு டாலர் பெற்றுத் தரும் வாக்கைவிடத் தன் பையிலிருந்து எடுத்த ஒரு டாலர் குறைவாகவே பெற்றுத் தருகிறது என்பது ஒன்று. நமக்கும் இது புரியாததன்று. 50 டாலர் கொடுத்தவர், வாக்களிப்பார், நண்பரிடம் பேசுவார், வீட்டு வாசலில் பலகை நடுவார், தேவைப்பட்டால் மீண்டும் கொடுப்பார். பெட்டியிலிருந்து வந்த பணத்துக்குக் கால்கள் கிடையாது. இரண்டாவது செய்தி, கைப்பணம் ஏராளமாக வைத்திருப்பவர் அறிவிப்புச் செய்தவுடன், நின்றிருக்கக்கூடிய தகுதியான பலர் பின்வாங்கிவிடுகிறார்கள் என்பது. தாங்கள் கேட்ட கணக்கில் விட்மனின் தோல்வி ஏறும். அவரைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் ஏற மாட்டார்கள்.

டிரம்ப் தம் பணத்தில்தான் 2016 தேர்தலைச் சந்தித்தார் என்கிறார்களே?
— புதுச்சேரி வாசகி

ஓரளவுக்கு மட்டும். அந்தத் தேர்தலில் அவர் கையிலிருந்து போனது ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி முதலில் கடனாகக் கொடுக்கப்பட்டு, 2016 ஜூன் மாதம் நன்கொடையாக மாற்றப்பட்டது. முதற்கட்டத் தேர்தல் முடிந்த பிறகு மற்றவர்களைப் போலவே அவரும் நன்கொடையாளர்களை நாடினார். "என்னை யாரும் வாங்க முடியாது" என்ற பேச்சு மட்டும் கடைசி வரை நின்றது.

செல்வரின் செலவைத் தடுக்க முடியாவிட்டால், எதிர்த்து நிற்பவருக்காவது உதவலாமே? சட்டத்தில் அதற்கு வழி இல்லையா?
— சென்னையிலிருந்து ஒரு வழக்குரைஞர்

தங்கள் யோசனையை அவர்கள் செயல்படுத்தியே பார்த்துவிட்டார்கள். மக்கெய்ன், ஃபைன்கோல்டு என்ற இரு செனட்டர்களின் பெயரால் அறியப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில், "கோடீசுவரர் திருத்தம்" என்று வழங்கப்பட்ட ஒரு பிரிவு இருந்தது. பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஒருவர் 3,50,000 டாலருக்கு மேல் சொந்தப் பணம் போடும் நிலை வந்தால், அவரை எதிர்ப்பவர் ஒவ்வொரு நன்கொடையாளரிடமிருந்தும் வழக்கமான வரம்பைப் போல் மூன்று மடங்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வரம்பு 2,300 டாலராக இருந்தபோது எதிராளிக்கு அது 6,900 ஆனது.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சொந்தப் பணத்தில் நின்று தோற்ற ஜாக் டேவிஸ் என்ற தொழிலதிபர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2008 ஜூன் மாதம், 5க்கு 4 என்ற கணக்கில், அந்தப் பிரிவை ரத்து செய்தது. என் பணத்தை நான் செலவழிப்பதற்காக என் எதிராளிக்குச் சலுகை கிடைக்கிறதென்றால், அது என் உரிமைக்கு விதிக்கப்படும் அபராதம் என்ற வாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அரிசோனா மாநிலம் வேறொரு வழியை வைத்திருந்தது. பொது நிதியை ஏற்றுக்கொண்ட வேட்பாளருக்கு, எதிராளி எவ்வளவு கூடுதலாகச் செலவிடுகிறாரோ அதற்கேற்ப அரசு நிதி கூடும். அதையும் 2011இல் அதே 5க்கு 4 கணக்கில் நீதிமன்றம் வீழ்த்தியது. எதிராளிக்குக் கிடைக்கும் ஒலிபெருக்கி என் வாயை அடைப்பதாகும் என்ற இந்தத் தர்க்கம், வழக்குரைஞரான தங்களுக்கு எப்படிப் படுகிறதோ தெரியாது. எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இலினாய் மாநிலச் சட்டம் வேறு விதமாகப் போகிறது. மாநில அளவிலான பதவிக்கு நிற்பவர் 2,50,000 டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டுவிட்டால், அந்தப் போட்டியில் உள்ள அனைவருக்கும், போட்டவர் உட்பட, நன்கொடை வரம்பு நீங்கிவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதால் அபராதம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஒரு செல்வரைச் சமாளிப்பதற்காக மற்ற வேட்பாளர்கள் வேறு செல்வர்களின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

வேட்பாளர் தம் பிரசாரக் குழுவுக்குத் தாமே "கடன்" கொடுப்பதாகப் படித்தேன். தனக்குத் தானே கடன் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?
— கோயம்புத்தூர், வங்கி ஊழியர்

தாங்கள் வங்கியில் இருப்பதால், சொன்னவுடனே விளங்கிவிடும். அமெரிக்காவில் வேட்பாளரும் அவருடைய பிரசாரக் குழுவும் சட்டத்தின் பார்வையில் தனித்தனி. வேட்பாளர் குழுவுக்குப் பணத்தை நன்கொடையாகக் கொடுத்தால் போனது போனதுதான். கடனாகக் கொடுத்தால், தேர்தல் முடிந்த பிறகு குழு நன்கொடை திரட்டி அவருக்குத் திருப்பித் தரலாம். தோற்றவருக்கு யாரும் அப்போது பணம் தர மாட்டார்கள். வென்றவருக்குத் தருவதற்கு ஆள் இருக்கிறது, ஏனென்றால் இப்போது அவையில் போடும் வாக்கு அவர் கையில் இருக்கிறது. அந்தப் பணம் விளம்பரத்துக்கோ சுவரொட்டிக்கோ போகாமல் நேராக உறுப்பினரின் சொந்தப் பைக்குள் போய்ச் சேரும். வட்டியும் உண்டு, கலிபோர்னியாவின் உறுப்பினர் ஒருவர் 1998இல் தம் குழுவுக்கு 18 விழுக்காடு வட்டிக்கு 1,50,000 டாலர் கடன் கொடுத்து, அசலைவிட அதிகமாக வட்டியே ஈட்டியதாகப் பின்னர் செய்தி வந்தது.

இதைக் கட்டுப்படுத்தத்தான் அதே 2002ஆம் ஆண்டுச் சட்டம், தேர்தலுக்குப் பிறகு வரும் நன்கொடையிலிருந்து 2,50,000 டாலர் வரை மட்டுமே சொந்தக் கடனை அடைக்கலாம் என்று எல்லை போட்டது. டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் 2018 தேர்தலுக்கு முந்தைய நாள் தம் குழுவுக்கு 2,60,000 டாலர் கடன் கொடுத்தார். வரம்பைவிட 10,000 டாலர் கூடுதலாகக் கொடுத்ததன் நோக்கமே வழக்குப் போடுவதுதான் என்பதை அவர் தரப்பு மறைக்கவும் இல்லை. 2022 மே மாதம் 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எல்லையையும் எடுத்துவிட்டது. எல்லை இருந்தால் வேட்பாளர் கடன் கொடுக்கத் தயங்குவார், அது அவர் பேச்சுரிமையைச் சுருக்கும் என்றது பெரும்பான்மை. மாறுபட்டு எழுதிய நீதிபதி எலினா கேகன், வெற்றிக்குப் பிறகு வரும் நன்கொடை வேட்பாளரின் வீட்டுக் கணக்கில் போய் விழுகிறது, கொடுப்பவருக்கும் அது தெரியும், வாங்குபவருக்கும் அது தெரியும் என்று சுட்டிக்காட்டினார்.

மதுரை வாசகர் இதையும் கவனிக்க வேண்டும். தன்னையே விலைக்கு வாங்க முடியாது என்று 1976இல் சொல்லப்பட்ட காரணம், போட்ட பணத்தைப் பிறரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று ஆன பிறகு எங்கே நிற்கிறது?

விவேக் ராமசாமியும் சொந்தப் பணத்தில்தான் நின்றாரா? அவர் தமிழரா?
— சேலம் கல்லூரி மாணவர்

பாலக்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற, தமிழ் பேசும் குடும்பத்தில் ஓஹியோவில் பிறந்தவர். 2024 குடியரசுக் கட்சி முதற்கட்டப் போட்டிக்கு 2 கோடி டாலருக்கும் அதிகமாகத் தம் பணத்தைப் போட்டார். முதல் வாக்குப்பதிவு நடந்த அயோவாவில் நான்காம் இடம் கிடைத்ததும் அன்றிரவே விலகினார். புளூம்பெர்க்கின் கதையைச் சின்ன எழுத்தில் அச்சிட்டதுபோல இருக்கிறது.

நம் நாட்டில் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதே! அமெரிக்காவைவிட நாம் மேல் என்று சொல்லலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சொல்லலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 77ஆம் பிரிவு, பணம் யாருடையது என்று பார்ப்பதில்லை. சொந்தப் பணமோ, கட்சி கொடுத்ததோ, நண்பர் கொடுத்ததோ, வேட்பாளரின் மொத்தச் செலவுக்கு வரம்பு. 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபடி, தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய். வேட்புமனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவுதான் கணக்கு. வரம்பை மீறுவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை.

இந்த இடத்தில் ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்ன 1976ஆம் ஆண்டு பக்லி தீர்ப்புக்கு ஏறத்தாழ 16 மாதங்களுக்கு முன்பு, 1974 அக்டோபர் 3 அன்று, டெல்லி சதர் தொகுதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதற்கு நேர்மாறான பார்வையோடு ஒரு தீர்ப்பை வழங்கியது. பணபலம் தேர்தலைத் தீர்மானிக்க விட்டால் ஏழைக்கும் சாமானியனுக்கும் போட்டியிடும் வாய்ப்பே பொருளற்றதாகிவிடும் என்று நீதிபதி பகவதி எழுதினார். வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும், அவர் அறிந்து ஏற்றுக்கொண்டதாக இருந்தால், அவர் கணக்கில்தான் சேரும் என்று சொல்லி, வென்றவரின் தேர்தலைச் செல்லாததாக்கினார். மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பில் சொல்ல வேண்டியிருந்ததை, இங்கே தீர்ப்பே சொன்னது. அந்தத் தீர்ப்பின் ஆயுள்தான் குறைவு. அதே அக்டோபர் மாதத்திலேயே அவசரச் சட்டம் வந்தது. கட்சி செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்றாயிற்று. 2003இல் மீண்டும் திருத்தி ஓரளவு சுருக்கினார்கள் என்றாலும், கட்சித் தலைவர்களின் பயணச் செலவு இன்றும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பு என்பதே கிடையாது.

ஆகவே நம்மிடம் வரம்பு இருக்கிறது, அந்த வரம்புக்குள் அடங்கும் கணக்கும் இருக்கிறது, பணம் வேறெங்கோ ஓடுகிறது. பறக்கும் படை, காணொளிக் குழு, வேட்பாளர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் நிழல் பதிவேடு எல்லாம் இருந்தும், வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்காகத் தமிழ்நாட்டில் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. தஞ்சாவூர்க்காரரான தங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கரின் கைப்பணம் தொலைக்காட்சி விளம்பரமாகி, சென்ட் வரை கணக்கில் ஏறி, எவரும் பார்க்கும்படி வெளியாகிறது. நம்மவரின் கைப்பணம் உறைக்குள் போகிறது. எது மேல் என்று கேட்டால், அவர்களுடைய கணக்கையும் நம்முடைய சட்டத்தையும் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவேன்.

எங்கள் ஊரில் இருபது ஆண்டு கட்சிக்கு உழைத்தவர் விருப்ப மனு கொடுத்தார். நேர்காணலில் முதல் கேள்வியே "எவ்வளவு செலவு செய்வீர்கள்?" என்பதாம். சீட் வேறொருவருக்குப் போய்விட்டது. இது எல்லா இடத்திலும் நடப்பதுதானா?
— விருதுநகர் மாவட்ட வாசகர்

அந்தக் கேள்வியைப் பற்றிப் பல ஊர்களிலிருந்தும் கேள்விப்பட்டிருக்கிறேன். இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும், தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் வேட்பாளரைத் தேடிப் போய் அழைத்துவருவதுண்டு. அந்தத் தொகுதியில் மிச்சமாகும் கட்சிப் பணத்தை வேறு தொகுதியில் போடலாமே என்ற கணக்குத்தான். வேறுபாடு என்னவென்றால், அங்கே அப்படி அழைத்துவரப்பட்டவரும் முதற்கட்டத் தேர்தலில் கட்சி ஆதரவாளர்களின் வாக்கைப் பெற்றாக வேண்டும். டிரோனைப் போல அங்கேயே கவிழ்ந்துபோகவும் கூடும். இங்கே அந்தத் தேர்வு ஓர் அறைக்குள் முடிந்துவிடுகிறது. தங்கள் ஊர்க்காரர் மக்களிடம் தோற்கவில்லை. மக்களிடம் போகவே விடப்படவில்லை.

வேட்புமனுப் பிரமாணப் பத்திரங்களைத் தொகுக்கும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் கணக்குப்படி, 2009இல் மக்களவைக்கு வந்தவர்களில் 315 பேர் கோடீசுவரர்கள். 2024இல் 543 பேரில் 504 பேர். பதினைந்து ஆண்டுகளில் நிலத்தின் விலை ஏறியதும் ரூபாயின் மதிப்பு இறங்கியதும் இதில் ஒரு பங்கு வகிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நேர்காணல் கேள்வியும் தன் பங்கைச் செய்திருக்கிறது.

எங்கள் தொகுதியில் நின்றவர் தம் பணத்தில் எவ்வளவு செலவிட்டார் என்பதைச் சாதாரண வாக்காளர் பார்க்க முடியுமா?
— திருநெல்வேலி வாசகி

முடியும். வென்றவரானாலும் தோற்றவரானாலும், முடிவு வெளியான 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமலும் தக்க காரணம் சொல்லாமலும் இருப்பவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, பிறர் கொடுத்தது எவ்வளவு என்று அதில் தனித்தனியே காட்டியிருக்கும். தங்கள் மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். தேர்தல் நடத்தை விதிகள் 88ஆம் விதியின்படி, அந்தக் கணக்கைப் பார்வையிட எவருக்கும் உரிமை உண்டு. கட்டணம் ஒரு ரூபாய்.